மூன்று மணி வாற்கோதுமை

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் இரண்டுக்கு இஞ்ச்சில்தான் பெயர்: ‘40 இஞ்ச்’, ‘93 இஞ்ச்’. முன்னது 1972இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களுக்குத் தடயம் பதிந்த கருவிகளில் ஒன்று. பின்னது இந்தியாவிலேயே உருவாகி 1986இல் திறக்கப்பட்டது. நாடு மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியதோ 1958இல்! இஞ்ச் அத்தனை சுலபத்தில் விட்டுப்போகிற சாமான் இல்லை.

பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் ‘உன்சியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இஞ்ச். அவுன்ஸும் அதே சொல்லின் பிள்ளைதான். இங்கிலாந்துக்காரர்கள் இஞ்ச்சை வயலில் விளைவதைக் கொண்டே அளந்தார்கள்: வாற்கோதுமை மணி மூன்றை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஒரு இஞ்ச். பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். செருப்புக் கடையில் 7ஆம் நம்பர் பிடிக்கிறது என்று 8 கேட்கிறோமே, நாம் கூடுதலாகக் கேட்பது ஒரு வாற்கோதுமை மணி நீளம். நம் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரமும் விரலைத் தானியத்தால்தான் அளக்கிறது: எட்டு நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். அங்கே வாற்கோதுமை, இங்கே நெல். பன்னிரண்டு மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

ஏக்கரின் கதை இன்னும் ருசியானது. ஏர் மாடுகள் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலமே ஏக்கர். நீளம் 660 அடி, அகலம் வெறும் 66 அடி. ஏன் இப்படி ரிப்பன் மாதிரி? இங்கிலாந்துக்காரர்களின் கனத்த கலப்பையைப் பல மாடுகள் பூட்டி இழுக்க வேண்டும்; திருப்புவது பெரும்பாடு. அதனால் உழவுச் சாலை முடிந்தவரை நீட்டினார்கள். அந்தச் சாலின் நீளந்தான் பர்லாங்.

1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் என்ற கணித அறிஞர் அந்த 66 அடி அகலத்துக்கே ஒரு சங்கிலி செய்து, நூறு கண்ணிகளாகப் பிரித்தார். நாம் மனை வாங்கும்போது முழிக்க வைக்கும் 435.6 சதுர அடி, அதாவது ஒரு சென்ட், அந்தச் சங்கிலிக் கணக்கில் கச்சிதமாக ஆயிரம் சதுரக் கண்ணி.

ஜவ்வாது மலையில் சாமை விளையும் சரிவுகளில் 660 அடிக்கு ஒரே சால் ஓட்டுவது நடக்கிற காரியமா? பாறை வரும், பள்ளம் வரும், மாடு திரும்பித்தான் ஆக வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கும். வாய்ப்பேச்சில் அங்கும் ஏக்கர்தான், சென்ட்தான்.