தாய்வீடு செல்லும் பெண்ணும் தாய்மை நலமும்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் கிராமங்களில் வழங்கிவரும் சொல். முற்காலத்தில் அச்சொல்லில் மிகை ஏதும் இருக்கவில்லை. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்துபோகும் தாய்மாரின் எண்ணிக்கை நம் மாநிலத்தில் 2001-03-ல் 134 ஆக இருந்து, 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. இந்தியா முழுமைக்கும் அது 301-லிருந்து 97 ஆயிற்று. மகிழத்தக்க முன்னேற்றமே. ஆயினும் அந்த 54 பேரும் ஒவ்வோர் இல்லத்தின் தாயார் என்பதை நாம் மறத்தலாகாது. எஞ்சியுள்ள இழப்பையும் தடுக்க வேண்டுமாயின், கவனிப்பு எவ்விடத்தில் அறுபடுகிறது என்பதை ஆராய்தல் வேண்டும்.

முதலில் கவனிப்பு எவ்வாறு நம் பக்கத்தில் வேரூன்றியது என்பதைச் சிறிது நினைவு கூர்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகச் செல்லும் சாலை திண்டிவனத்தை அடைகிறது. 1890-களில் அவ்வூரில் ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒருவர் பின் ஒருவராக, அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகளான ஐடா ஸ்கட்டரிடம் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு வேண்டினர். ஐடா அப்போது மருத்துவம் கற்றவர் அல்லர். அவருடைய தந்தையாராகிய ஆண் மருத்துவர் பார்ப்பதற்கோ அவ்வீட்டார் இசையவில்லை. மூன்று பெண்களும் உயிர் நீத்தனர். அந்நிகழ்ச்சியே ஐடாவை மருத்துவக் கல்விக்கு அனுப்பிற்று. 1900-ல் அவர் வேலூரில் ஒரே படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இடையே, குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்று, வழியோரத்து மரநிழல்களில் காத்திருந்த நோயாளிகளைக் கண்டுவந்தார். சென்ற வாரம் கண்டவரை அடுத்த வாரமும் காண வருவார் என்ற உறுதியே அவ்வைத்தியத்தின் பாதி பலம்.

அந்த உறுதியை இன்று அரசாங்க ஏற்பாடுகள் அளிக்கின்றன. சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப் பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஆங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரை நாம் நர்சம்மா என்றே அறிவோம். கருவுற்ற 12 வாரங்களுக்குள் அவரிடம் பெயரைப் பதிவு செய்தால், அப்பெண்ணுக்கு பிக்மி எண் கிடைக்கும். அதன் பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைகள் நடைபெறும். சிக்கல் நேர்ந்தால் தாலுகா மருத்துவமனையும், 2013-ல் தொடங்கப்பட்ட திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை தவணைகளாக வருவதும், ஒவ்வொரு கட்டத்திலும் கவனிப்பு விட்டுப்போகாதிருக்கும் பொருட்டே ஆகும்.

இத்தனை இருந்தும் இழை அறுபடும் இடம் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வேளையே அது.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 4 பரிசோதனைகள் வேண்டும் என்பது நம் நாட்டு முறை. முதலாவது 12 வாரங்களுக்குள். இரண்டாவது 14 முதல் 26 வாரங்களுக்குள். மூன்றாவது 28 முதல் 34 வாரங்களுக்குள். நான்காவது 36 வாரங்களுக்குப் பின்னர். வளைகாப்பிட்டுப் பெண்ணை அழைத்துச் செல்வதோ ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம். ஆகவே, மிக முக்கியமான கடைசி இரண்டு பரிசோதனைகளும் அவள் ஊர் மாறும் பருவத்திலேயே வந்து விழுகின்றன. புகுந்த ஊர் நர்சம்மா, தாய்வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணக்கூடும். தாய்வீட்டு ஊர் நர்சம்மாவுக்கோ இவள் வந்த செய்தியே எட்டாதிருக்கலாம்.

இதனால் விளையும் தீங்கு யாது? இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அது ஏறி, வலிப்பு வரை கொண்டுசெல்லக்கூடும். ஆரணியில் தறி நெய்யும் குடும்பத்திலிருந்து ஒரு பெண் செங்கத்திலுள்ள தாய்வீட்டுக்கு வருகிறாள் என்று கொள்வோம். முன்னைய கணக்கு எழுதிய அட்டை கையில் இல்லையேல், இன்று காணும் அளவு அவளுக்கு இயல்பானதா, ஏறிவந்ததா என்று புதிய செவிலியர் உடனே எவ்வாறு தீர்மானிப்பார்? இரத்தசோகையும் அத்தகையதே. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது இருப்பதாக மேற்கூறிய கணக்கெடுப்பு காட்டுகிறது. அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் காலம் வேண்டும். பிரசவ வலி கண்ட பின்னர் அறிந்தால், இரத்தம் தேடி ஓடுவதே எஞ்சும்.

பிரசவத்தோடு கவனிப்பு முடிந்துவிடுவதும் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் உதிரப்போக்கு, பின்வரும் நாட்களில் காய்ச்சல் ஆகியவை தாயைத் தாக்கக்கூடும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டிற்கே வந்து 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் காண வேண்டும் என்பது ஏற்பாடு. பேறுகாலத்துக்குப் பின்னும் 180 நாட்கள் இரும்புச் சத்து மாத்திரை உண்ண வேண்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் கீரையையும் குறைக்கும் வழக்கம் இதற்கு நேர்மாறானது. குழந்தையுடன் அவள் மீண்டும் புகுந்த வீடு திரும்பும்போது, இரண்டாம் முறையாக இழை அறுபட இடமுண்டு.

நம் பக்கத்துக்கே உரிய தடைகளும் சில உள்ளன. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்து வலி கண்டபின் இறங்குவது அபாயம். நாள் நெருங்குமுன்பே மருத்துவமனைக்கு அருகில் வந்து தங்குவது நலம். கார்த்திகை தீபத்தின்போது பல லட்சம் மக்கள் கூட, வாகனங்கள் நகருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகின்றன. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைந்து விடுகிறது. நாள் குறித்த கர்ப்பிணி உள்ள வீட்டார் பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் என்ன செய்ய இயலும்? முதலாவதாக, அங்கத்தினர் குடும்பங்களில் வளைகாப்பு நிச்சயமானவுடன் இரு ஊர்ச் செவிலியருக்கும் தகவல் சேர்ந்ததா என்று சங்கத்துப் பெண் அங்கத்தினர் ஒருவர் கேட்டறியலாம். இரண்டாவதாக, வளைகாப்புச் சீருடன் தாய்சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் மாத்திரைகளும் பெட்டியில் இருப்பதை மாமியார் உறுதி செய்யலாம். மூன்றாவதாக, பரிசோதனை நாளில் தறியையோ மணிலாக் காட்டு வேலையையோ விட்டுச் செல்வதால் கூலி குறையும் குடும்பத்துக்குச் சங்கம் சிறு முன்பணம் அளிக்கலாம். நான்காவதாக, 108 வண்டி வரத் தாமதமாகக்கூடிய ஊர்களில், அவசரத்துக்கு உதவும் வாகன உரிமையாளரின் பெயரைச் சங்க அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அதைப் பிணைத்த பின்னரே நெசவாளர் நாடாவை ஓட்டுகிறார். நாற்றங்காலிலிருந்து வயலுக்கு மாறிய பயிருக்கு, வேர் பிடிக்கும் வரை விவசாயி தண்ணீர் தவறவிடுவதில்லை. அந்தக் கவனத்தை நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் செலுத்துவோமாக. அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் இதைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாயின், அது மிக்க பயன் தரும்.