அடிக்கு அரை அங்குலம்

முன்னால் சின்ன பேரிங், பின்னால் பெரிய பேரிங். 1978-ல் கோவைக்குப் பக்கத்துச் சூலூரில் எங்கள் தெருப் பையன்கள் ஓட்டிய பேரிங் வண்டிகளில் நல்ல வண்டிக்கு அதுதான் இலக்கணம். மில்லிலும் லேத் பட்டறையிலும் தேய்ந்துவிட்டதென்று கழற்றிப் போட்ட பேரிங்குகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்குவோம். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பனியனால் துடைத்து, காதருகே வைத்துச் சுழற்றிப் பார்ப்போம். கரகரப்பு இல்லாமல் ஓடினால் அது வண்டிக்கு. பலகைக்கு, மில்லுக்கு உதிரி பாகம் வந்த மரப்பெட்டி. முன் அச்சுக்கட்டையை நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிறுத்தி, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் ஸ்டியரிங் ஆயிற்று. குளத்துக்கரை இறக்கத்தில் விட்டால், இரும்பு தார் ரோட்டில் உரசும் சத்தம் அடுத்த வீதிக்குக் கேட்கும். பின்பக்கம் உயர்ந்து, மூக்கு தாழ்ந்து, முட்டப்போகிற காளை மாதிரி நிற்கும் வண்டி. அந்த நிற்கும் அழகுக்காகவே பெரிய பேரிங்குக்கு அலைந்திருக்கிறோம்.

அந்த அழகுக்கு அமெரிக்காவில் ‘ரேக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது பதினைந்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படி நிற்கும் கார்களுக்கு ஹாட் ராட் என்று பெயர். 1932-ல் ஃபோர்டு கம்பெனி, சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி-8 இன்ஜின் வைத்த கார் ஒன்றைக் கொண்டுவந்தது. சில வருடங்களில் அவை பழைய கார்களாகிச் சல்லிசாகக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றின் மட்கார்டைக் கழற்றினார்கள், கூரையை அறுத்துத் தணித்தார்கள், இன்ஜினைத் தங்கள் கையாலேயே முடுக்கி வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் வந்தது. 1948-ல் ஹாட் ராட் என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. 1958-ல் ஏ.எம்.டி. என்ற கம்பெனி, ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் பாகங்களைப் போட்டு விற்றது. அதை வைத்துக் கம்பெனி காராகவும் கட்டலாம், மாற்றிய காராகவும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். பட்டறைக்கு வாடகை கொடுக்க முடியாத பையனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஹாட் ராட் கட்டலாம் என்றாயிற்று.

எங்களுக்கு அந்தப் பெட்டி கிடையாது. லிவர்பூலில் டிங்கி கார்களை வார்த்த பழைய அச்சுகள் 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் சின்ன உலோகக் கார்கள் விற்றன. அதில் ஒன்றை ஒரு டாக்டர் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. எங்கள் கார்கள் தீப்பெட்டியிலும் பழைய தகரத்திலும் பிறந்தன. அறுந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் டயர் கிடைக்கும். செருப்பின் இரண்டு நிற அடுக்கு வெட்டில் தெரிவதால், வெள்ளைக் கோடு போட்ட வெளிநாட்டு டயர் மாதிரியே இருக்கும்.

ஆனால் எங்களுக்கு இன்னொன்று இருந்தது. அந்தப் பெட்டி வாங்கிய பையன்களுக்கு அது கிடைத்திருக்காது. என் பெரியப்பா பவுண்டரியில் பேட்டர்ன் வேலை செய்தார்.

கோவை மோட்டார் பம்புக்குப் பேர் போன ஊர். பம்பின் இரும்பு உடம்பு முதலில் மரத்தில்தான் பிறந்தது. தேக்கில் செதுக்கிய பேட்டர்னை மணலுக்குள் அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் காய்ச்சிய இரும்பை ஊற்ற வேண்டும். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்தச் சுருக்கத்துக்கு ஏற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தச்சர் கணக்கு. ஒவ்வொரு தடவையும் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், அந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட ஸ்கேல் ஒன்று பேட்டர்ன்காரர்களிடம் இருக்கும். பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் ஒரு அடி உண்மையில் ஒரு அடியும் ஒரு நூலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, “என்ன காரு வேணும்?” என்றார் பெரியப்பா. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றேன். மெட்ராஸில் செய்த கார். எங்கள் வீதிக்கு வந்துபோன அந்த டாக்டரிடம் இருந்தது. அதன் பானெட், சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அந்தக் காட்சிக்காகவே அவருடைய டிரைவர் இன்ஜினைத் திறக்கும் நேரம் பார்த்து நிற்பேன்.

“அடிக்கு அரை அங்குலம்னு வெச்சுக்க கண்ணு, கணக்கு சுலுவா வரும்” என்றார். ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம். கட்டையில் ஆறு அங்குலம் மூன்று நூல். உலகமெங்கும் மாதிரிக் கார் கட்டுபவர்கள் இருபத்தி நான்கில் ஒரு பங்கு என்று சொல்லும் அளவு அதுதான். அந்தப் பேரைக் கேள்விப்படாமலேயே பெரியப்பா அதில் இறங்கினார். முதலில் நான்கு பக்கமும் இழைத்துச் சதுரம் பார்த்தார். பக்கவாட்டு உருவத்தைப் பென்சிலால் வரைந்து வெளிக்கோட்டை அறுத்தார். பிறகு மேலிருந்து பார்க்கும் உருவத்தை வரைந்து அதையும் அறுத்தார். அதற்குள் கட்டைக்குள் ஒரு கார் இருப்பது எனக்கே தெரிந்துவிட்டது. உளி, அரம், உப்புத்தாள் என்று வரிசையாக வந்து, கடைசியில் கட்டைவிரலால் மட்கார்டு வளைவைத் தடவினார். “கண்ணுக்குத் தெரியாத மேடு வெரலுக்குத் தெரியும்.” இன்றும் நான் பெயின்ட் அடிப்பதற்கு முன் அப்படித் தடவித்தான் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் எனக்கென்று ஒன்றை நானே ஆரம்பித்தேன். கூரையைத் தணித்து, முன் மட்கார்டே இல்லாமல், பின்சக்கரம் பெரிதாக, எங்கள் பேரிங் வண்டி மாதிரியே ஒரு ஹெரால்டு. உடம்பை அளந்தது பெரியப்பாவின் சுருக்க ஸ்கேலால், அச்சுக்கம்பிக்குத் துளை குறித்தது என் பள்ளிக்கூட ஸ்கேலால். ஆறரை அங்குலத்துக்குள் வந்த வித்தியாசம் அரை நூல். அரை நூல் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பின்சக்கரம் மட்கார்டு வளைவுக்கு நடுவில் உட்காரவே இல்லை. பெரியப்பா திட்டவில்லை. இரண்டு ஸ்கேலையும் என் கையில் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடுகளைப் பார்க்கச் சொன்னார். ஒரு அங்குலத்தில் வித்தியாசம் தெரியாது, பன்னிரண்டாவது அங்குலத்தில் பளிச்சென்று தெரியும். நான் கற்ற கணிதத்தில் அதுபோல் ஆழப் பதிந்தது வேறில்லை.

பெரிய அளவிலும் இந்த வட்டாரத்தில் அதே கைதான் வேலை செய்தது. சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர். இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 1952-ல் 2,000 ரூபாய் விலைக்குக் கொண்டுவர முயன்றார். அரசு உரிமம் தரவில்லை. எங்கள் ஊரில் அந்தக் காரைப் பற்றிப் பேசினால் இன்றும் பெரியவர்களின் குரலில் ஓர் ஆற்றாமை ஏறும், எனக்கும் அது உண்டு. அடுத்த தலைமுறையில் கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். கிடைக்கிற இன்ஜின், கிடைக்கிற உதிரி, மற்றதெல்லாம் சொந்தப் புத்தி. அந்த ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில்தான் நரேன் கார்த்திகேயன் ஆரம்பித்தார். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரில் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. பந்தயப் பாதை 2003 முதல் இருக்கிறது. காற்று சாதகமாக இருந்தால் வெகுதூரத்திலிருந்தே இன்ஜின் சத்தம் கேட்கும்.

எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பெட்டி கடைசியில் 1993-ல் கிடைத்தது, சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் மூலம். 1932 ஃபோர்டு. ஒவ்வொரு பாகமும் பிளாஸ்டிக் சட்டத்தில் முருங்கைக் காம்பில் இலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் பொத்திப் பொத்திக் கட்டினேன். பெயின்டுக்கு மட்டும் பட்டறை வழியிலேயே போனேன். காருக்கு அடிக்கும் என்.சி. பெயின்டில் தின்னர் கலந்து அடித்தேன். பத்தே நிமிடத்தில் பானெட் வெண்ணெய் மாதிரி இளகிச் சுருண்டது. இரும்புக்கும் தேக்குக்கும் ஒன்றும் செய்யாத தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்று எனக்குச் சொல்ல அப்போது சூலூரில் ஆள் இல்லை. பெரியப்பாவுக்கும் தெரியாது. அன்று ராத்திரி அவர் அந்தப் பானெட்டை அளவெடுத்துத் தேக்கில் செதுக்கிக் கொடுத்தார். பிளாஸ்டிக் உடம்பில் மர பானெட்டோடு அந்தக் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்று அந்தப் பஞ்சம் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே ஹாட் வீல்ஸ் தொங்குகிறது. என் மகன் அதை வாங்கி வந்ததும் முதல் வேலையாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ரிவெட்டின் தலையை டிரில்லால் மெல்லக் குடைகிறான். அடித்தட்டு தனியாக வந்துவிடுகிறது. உலோக உடம்பைப் பெயின்ட் ரிமூவரில் போட்டால் நிறம் தோலாக உரிந்து, சாம்பல் நிறத் துத்தநாகக் கலவை தெரிகிறது. அச்சை வெட்டி, முன்னால் சின்ன ரப்பர் டயரும் பின்னால் பெரிய ரப்பர் டயரும் மாட்டுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீடியோவில் பார்த்திருப்பான், ஆனாலும் அந்த நிலையைப் பார்த்ததும் எனக்குக் குளத்துக்கரை ஞாபகம் வந்துவிட்டது. தின்னரால் கரையும் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட், பேனா பருமனில் ஏர்பிரஷ் என்று எல்லாமே தபாலில் வீடு தேடி வருகிறது.

நிஜக் காரில் அவன் இதைச் செய்ய முடியாது. கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் ரோட்டில் பிரேக்கும் சேஸிஸும் ஆளாளுக்கு ஒரு விதமாக இருக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு காரைத் தன் காராக்கிப் பார்க்கும் ஆசை சட்டத்தால் அடங்குவதில்லை. அது ஏழு அங்குலத்துக்குச் சுருங்கி மேசைக்கு வந்துவிட்டது.

பேரிங் வண்டி போய்விட்டது. திருச்சி சாலையின் இன்றைய நெரிசலில் எந்தத் தாய் விடுவாள்? பவுண்டரிகளில் பேட்டர்னை இப்போது சி.என்.சி. மிஷின் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துக் கடைகிறது. மரத்தில் செதுக்கும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன. மிஷின் நுணுக்கமாகச் செய்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் ஏங்குவது ஒரு பையன் பக்கத்தில் குந்தி, உளி பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. வீடியோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு நம் கையிலிருக்கும் கட்டை தெரியாது.

போன மாதம் மகன் அம்பாசிடர் ஒன்றை முப்பரிமாணப் பிரின்டரில் அச்சிட்டான். 2014-ல் உற்பத்தி நின்றுபோன கார். அவன் கேட்ட மாதிரி கூரை தணித்து, முன் மட்கார்டு இல்லாமல் எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. ஆகவே கம்ப்யூட்டரில் தானே வரைந்து, ரெசின் பிரின்டரில் ஏற்றினான். அம்பாசிடரின் சக்கர இடைவெளி 8 அடி 1 அங்குலம், மேசையில் நான்கு அங்குலத்துக்குத் துளி கூட. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனத்தில் ஒவ்வொரு படலமாக இறுகி, இரவெல்லாம் கார் தலைகீழாக வளர்ந்தது. காலையில் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதாக் கதிர் விளக்கில் காயவைத்து, தாங்குகால்களை ஒவ்வொன்றாக நறுக்கினான். வெட்டிய இடங்களில் சின்னச் சின்னப் புள்ளி மேடுகள். விரலால் தடவி, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தான்.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. காரைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சுருங்குமா சாமி?”

“சுருங்குதுங்க அப்பாரு. இருபது மில்லிமீட்டர் கட்டம் அடிச்சுப் பாத்தேன், பத்தொம்பது புள்ளி எட்டு வந்துது. அதுக்குத் தக்கனப் பெருசு பண்ணித்தான் போட்டேனுங்க.”

பெரியப்பா மனதுக்குள் கூட்டினார். “நூத்துக்கு ஒண்ணு. அப்பறம் என்ன, அடிக்கு ஒரு நூலுதான். இரும்புக்கும் அதே கணக்குத்தான்.”

உள்ளே போய்ப் பழைய பெட்டியிலிருந்து அந்த ஸ்கேலை எடுத்து வந்தார். என் அரை நூல் பிழைக்குப் பிறகு நான் தொடாத ஸ்கேல். மகனுக்கு அதன் கோடுகளைக் காட்டி, பக்கத்தில் அவனுடைய ஸ்கேலை வைக்கச் சொன்னார். அவன் பன்னிரண்டாவது அங்குலத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். பிறகு பெரியப்பா காரை ஜன்னல் திட்டில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் பார்த்தார்.

“மூக்கு இன்னம் ஒரு நூலு தாழோணும்.”

மகன் மடிக்கணினியைத் திறந்து முன் அச்சை இறக்க ஆரம்பித்தான். பெரியப்பா நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.