வஞ்சகத்தை வென்ற வணக்கம்



கொடி ஏறிய நாள் முதல் தீர்த்தவாரி முடியும் நாள் வரையில் நம் திருக்கோயில் வீதிகள் திருநீறு அணிந்த நெற்றிகளால் பொலிகின்றன. ஒருவரை ஒருவர் கண்டதும் கைகுவித்து வணங்குகின்றோம். இவ்வேளையில் இளைஞர் சிலர் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புவதுண்டு. "நீறு பூசியவர் எல்லாரும் நல்லவரா? வேடத்தை நம்பி ஏமாந்தவர் எத்தனை பேர்? ஏமாறுவதைத்தானே உங்கள் புராணம் பெருமையாகப் பேசுகிறது?" என்பது அவ்வினா. இதனைச் சினந்து ஒதுக்குதல் முறையன்று. வஞ்சகத்தைப் பற்றி நம் ஆன்றோர் சொல்லிவைத்தவற்றைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

வஞ்சம், கள்ளம், படிறு, கரவு, சூழ்ச்சி எனத் தமிழில் இதற்குப் பெயர்கள் பல. அவற்றுள் கரவு என்னும் சொல் நம் சிந்தனைக்குரியது. கரத்தல் என்றால் மறைத்தல். உள்ளே ஒன்றை மறைத்துப் புறத்தே வேறொன்றைக் காட்டுவதே வஞ்சகத்தின் இலக்கணம் என்பது இச்சொல்லினாலேயே பெறப்படுகின்றது. மறைத்தற்கு ஒரு போர்வை வேண்டும். மக்கள் எதனை மிகவும் மதிக்கின்றார்களோ அதுவே வஞ்சகனுக்கு நல்ல போர்வை. ஆகலின், தவவேடம் மதிக்கப்படும் நாட்டில் பொய்த் தவவேடமும் தோன்றுதல் இயல்பேயாம்.

இதனை நன்கு உணர்ந்தவர் திருவள்ளுவர். 1330 குறட்பாக்களுள் ஓர் அதிகாரம் முழுவதையும், அதாவது 28-ஆம் அதிகாரமாகிய கூடாவொழுக்கத்தை, இப்பொய் வேடத்தின் பொருட்டே அவர் அமைத்தார். அங்கே அவர் காட்டும் உவமைகள் ஒருமுறை கேட்டவர் நெஞ்சினின்றும் நீங்கா. புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசு, புதரின் மறைவிலிருந்து பறவைகளை வலைப்படுத்தும் வேடன், மேனியெல்லாம் சிவந்திருந்தும் மூக்கில் கருத்திருக்கும் குன்றிமணி ஆகிய மூன்றும் அவற்றுட் சில. நேராக இருக்கும் அம்பு உயிரைக் கொல்கிறது. வளைந்திருக்கும் யாழ் செவிக்கு இன்பம் தருகிறது. எனவே தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் செயலைக் கொண்டு முடிவு செய்க என்று அவர் அறிவுறுத்துகின்றார். பொருட்பாலில் கூடாநட்பு என்னும் 83-ஆம் அதிகாரத்தில் இன்னும் கடுமையாக எச்சரிக்கின்றார்: பகைவன் வணங்கக் குவித்த கைகளுக்குள்ளும் படைக்கலம் ஒளிந்திருக்கும், அவன் வடிக்கும் கண்ணீரும் அத்தகையதே.

இவ்வெச்சரிக்கைக்கு விளக்கம் போலவே ஒரு வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கின்றார். அது திருக்கோவலூரில் அரசாண்ட மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. முத்தநாதன் என்பவன் அவரோடு பலமுறை பொருது தோற்றவன். போரில் வெல்ல இயலாது என்று கண்டபின் உடலெங்கும் நீறு பூசினான், சடைமுடி புனைந்தான், சுவடிக் கட்டு ஒன்றினுள் கத்தியை மறைத்து எடுத்துக்கொண்டான். ஒளியைப் புறத்தே காட்டிக் கரியை உள்ளே வைத்திருக்கும் விளக்கைப் போன்றவன் இவன் என்று நமக்கு முதலிலேயே காட்டிவிடுகின்றார் சேக்கிழார். காவலர் வேடத்தை வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், "அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து செல்லுதல் வேண்டும்" என்று தடுத்தான். அவனையும் கடந்து உள்ளே சென்றான் வஞ்சகன். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் கொண்டுவந்திருப்பதாகவும், அதனைத் தனிமையில்தான் கூற இயலும் என்றும் உரைத்தான். அரசர் தேவியாரை அந்தப்புரத்துக்கு அனுப்பினார். அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் நிலத்தில் அமர்ந்தார். சுவடியை அவிழ்ப்பவன் போல அவிழ்த்துக் கத்தியை எடுத்துத் தான் எண்ணி வந்ததை முடித்தான்.

இங்கே சேக்கிழார் பயன்படுத்தும் ஒரு வினைச்சொல் வியப்புக்குரியது. குத்துண்ட அரசர் தோற்றார் என்று அவர் பாடவில்லை. தவவேடமே மெய்ப்பொருள் என்று தொழுது 'வென்றார்' என்று பாடுகின்றார். போர்க்களங்களில் பெற்ற வெற்றிகளினும் பெரிய வெற்றியாக இதனைக் கருதுகின்றார். எதனை வென்றார்? முத்தநாதன் அவருடைய உயிரை மட்டும் கொள்ள வரவில்லை. நீற்றினிடத்து அவர் வைத்திருந்த அன்பையே கருவியாகக் கொண்டு வந்தான். 'இந்நீற்றை நம்பியதால் அன்றோ கெட்டேன்' என்று அவர் அக்கணத்தில் எண்ணியிருப்பாராயின், வஞ்சகம் முழு வெற்றி பெற்றிருக்கும். உடலில் பாய்ந்த கத்தி அவ்வன்பைத் தொட இயலவில்லை. வாளை உருவிப் பாய்ந்த தத்தனை, இவர் நம்மைச் சார்ந்தவர் என்று சொல்லித் தடுத்தார். சூழ்ந்த மக்களிடமிருந்து காத்து அவனை ஊரின் எல்லைக்கு அப்பால் விட்டுவரப் பணித்தார். தத்தன் திரும்பிவந்து செய்தி கூறும் வரையில் உயிரைத் தாங்கியிருந்தார். பின்னர் அரசியல் சுற்றத்தாருக்கும் உறவினருக்கும் நீற்றன்பைப் பாதுகாக்குமாறு உரைத்து, இறைவன் திருவடியை நினைந்தார். பெருமான் காட்சி தந்து அருள்புரிந்தான்.

அங்ஙனமாயின் வள்ளுவர் கூறியது ஒன்று, நாயனார் செய்தது மற்றொன்றா? அரசர் எச்சரிக்கையாய் இருந்திருக்க வேண்டாவா? இதுவே நம் இளைஞர் வினாவின் உயிர்நிலை.

தத்தனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வேடம் பூண்டவன் உள்ளே புகுந்தது முதலே தத்தன் தன் மனத்தை அங்கேயே வைத்திருந்தான் என்று சேக்கிழார் குறிப்பிடுகின்றார். அதனால்தான் கணப்பொழுதில் உள்ளே பாய முடிந்தது. அவனுடைய ஐயத்தைச் சேக்கிழார் எங்கும் குறை கூறவில்லை. நாயனாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இன்று நீ எனக்குச் செய்ததை வேறு எவர் செய்ய வல்லவர் என்று நன்றி பாராட்டினார். விழிப்பும் வணக்கமும் ஒரே வரலாற்றில், ஒரே அரண்மனையில் இடம்பெற்றிருக்கின்றன.

மற்றொன்றும் நோக்குக. மெய்ப்பொருளார் வஞ்சகனுக்குக் கொடுத்தது தம்முடைய உயிர். பிறருடைய பொருளையோ பிறருடைய வாழ்வையோ அன்று. ஏனாதிநாத நாயனாரும் அத்தகையவரே. வாள்வித்தை பயிற்றும் தொழிலில் அவரோடு போட்டியிட்ட அதிசூரன் படைகொண்டு வந்து தோற்றான். பின்பு இருவர் மட்டும் தனியே பொருவோம் என்று அழைத்தான். முன்பு நீறே அணியாத அவன் அன்று நெற்றியில் நீறு பூசிக் கேடயத்தால் மறைத்து வந்து, வெட்டுண்ணும் நிலை வந்ததும் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட நாயனார் இவர் சிவனடியார் ஆகிவிட்டார் என்று போரை நிறுத்தினார். வாளைக் கீழே போட எண்ணியவர், ஆயுதம் இல்லாதவனைக் கொன்றான் என்னும் பழி நீறணிந்த இவனுக்கு வந்துவிடுமே என்று அஞ்சி, எதிர்ப்பவர் போல வாளைப் பிடித்தபடியே நின்றார். கொல்ல வந்தவனுக்குப் பழி வாராமல் காத்த அவ்வுள்ளத்தை ஏமாந்த உள்ளம் என்று எவ்வாறு சொல்வது?

பொதுநலன் என்று வரும்போது நம் திருமுறை மிகத் தெளிவாகப் பேசுகின்றது. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் ஆறாம் தந்திரத்தில் அவவேடம் என்றும் தவவேடம் என்றும் தனித்தனியே தலைப்பிட்டுத் திருமூலர் பாடுகின்றார். வயிறு வளர்த்தற்கு வேடம் பூண்டு மக்களை மருட்டுவோரை அவர் கண்டிக்கின்றார். முதல் தந்திரத்தில் அரசாட்சி முறையைக் கூறுமிடத்து, வேடத்துக்குரிய நெறியில் நில்லாதவரை அந்நெறியில் நிறுத்துதல் அரசன் கடமை என்று விதிக்கின்றார். சிவஞானபோதத்தின் 12-ஆம் நூற்பாவில் மெய்கண்டார் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்கின்றார். ஆங்கும் மயக்கம் நீங்கி அன்பு நிறைந்தவர் வேடம் என்று அடைகொடுத்தே கூறுதல் காண்க.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்க நெறி இது. கோயிற் பொருளுக்கும், அன்னதான நிதிக்கும், நம்மை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் காவலாய் நிற்குமிடத்து நாம் தத்தனாய் இருத்தல் வேண்டும். நீறு பூசியவர் என்பதனாலேயே கணக்குக் கேளாது விடுதல் பத்தியன்று. நம்முடைய வணக்கம் என்று வருமிடத்து மெய்ப்பொருளாராய் இருத்தல் வேண்டும். பொய்யன் ஒருவன் பூசினான் என்பதனால் நீறு பொய்யாகிவிடாது. கள்ள நாணயம் உலவுவதே நல்ல நாணயத்துக்கு மதிப்பு இருத்தலால் அன்றோ?

இனி, இறைவனும் மறைக்கின்றான் என்பதை மறத்தலாகாது. ஐந்தொழில்களுள் ஒன்று மறைத்தல். தில்லையில் திருநீலகண்டக் குயவனாரிடம் சிவயோகியாராய் வந்து திருவோட்டை அடைக்கலம் கொடுத்து, பின் அதனை மறையச் செய்து, திருடினாய் என்று வழக்கும் தொடுத்தான் பெருமான். புறத்தே பார்த்தால் இதுவும் வஞ்சகம் போலத் தோன்றும். ஆயின் விளைவை நோக்குக. மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு யோகியார் வற்புறுத்தியதால், இளமை முதல் முதுமை வரையில் ஒரு வீட்டில் இருந்தும் தீண்டாது வாழ்ந்த அவ்விருவரின் நோன்பு உலகறிய வெளிப்பட்டது. மூங்கில் கோலின் இருமுனையையும் பற்றி மூழ்கியவர் இளமையோடு எழுந்தனர். முத்தநாதன் மறைத்தது பிறர் உயிரைக் கவர்வதற்கு. பெருமான் மறைத்தது அடியார் பெருமையை வெளிப்படுத்துவதற்கு. சீகாழியில் பாடிய முதற் பதிகத்திலேயே ஞானசம்பந்தப் பிள்ளையார் இறைவனை உள்ளத்தைக் கவரும் கள்வனாகக் கண்டதும் இக்கருத்துப் பற்றியே.

இறுதியாக ஒன்று. பிறருடைய வேடத்தை ஆராயும் நாம் நம்முடைய வேடத்தை ஆராய்வதுண்டா? வஞ்ச நெஞ்சத்தானைக் கண்டு அவன் உடம்பிலுள்ள ஐம்பூதங்களும் உள்ளேயே சிரிக்கும் என்றார் வள்ளுவர். திருநாவுக்கரசு சுவாமிகளோ நான்காம் திருமுறையில், கள்ளத் தொண்டிலே காலத்தைக் கழித்ததாகத் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்கின்றார். நினைப்பவர் நினைப்பதையெல்லாம் இறைவன் உடனிருந்தே அறிகின்றான் என்று உணர்ந்து, வெட்கி, விலா நோகத் தாமே சிரித்ததாகவும் பாடுகின்றார். உழவாரம் ஏந்திய அப்பெருமானே இவ்வாறு சொல்வாராயின் நாம் எம்மாத்திரம்? மறைத்துவிட்டோம் என்று நாம் எண்ணும் அந்த இடத்திலேயே அவன் வீற்றிருக்கின்றான்.

மெய்ப்பொருள் நாயனார் குருபூசை கார்த்திகை உத்திரத்தில் வருகின்றது. அன்று நீறு அணியும்போது, 'இதனைக் கண்டு ஒருவர் என்னை வணங்குவாரே. அவ்வணக்கத்துக்கு நான் உரியவனா' என்று ஒருமுறை நினைத்து அணிவோமாக. அவ்வாறு அணிந்த நெற்றியை வணங்கியவர் எவரும் ஏமாந்தவர் ஆகார்.

திருச்சிற்றம்பலம்.