வாலைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்

நல்ல வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் புலப்படுவதில்லை அல்லவா? கண் இருளுக்கு முழுவதும் பழக அரை மணி நேரம்கூட ஆகும். வெளிச்சத்தில் நிறம் வெளுத்துப்போன ரோடாப்சின் என்னும் புரதம், விழித்திரையின் குச்சி செல்களில் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இப்புரதம் இருப்பதால்தான் ஒரே ஒரு ஒளித்துகளைக்கூட ஒரு குச்சி செல்லால் உணர முடிகிறது. பௌதிக ஆசிரியனான எனக்கு இது இன்றும் வியப்புத்தான்.

இப்புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவது? சாதாரண நுண்ணோக்கியில் புரத மூலக்கூறு தெரியாது. இங்கேதான் எதிர்ப்பொருள் உதவுகிறது. நம் உடலில் நோய்க்கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் அதே வகைப் பொருள்தான். மாட்டின் ரோடாப்சினைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், எலியின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அவற்றை உண்டாக்கும் செல் ஒன்றைப் புற்றுச் செல்லுடன் இணைத்துவிட்டால், அது ஓயாமல் பெருகி, ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தரும். இம்முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மோல்டே குழுவினர் 1980-களில் இவ்வாறு உருவாக்கியதுதான் '1டி4'. ரோடாப்சின் என்பது 348 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் வால் முனையிலுள்ள கடைசி ஒன்பதை மட்டுமே 1டி4 பற்றுகிறது. பிறகு, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னோர் எதிர்ப்பொருளை இதன்மேல் ஒட்டவைக்கிறார்கள். நீல ஒளியைப் பாய்ச்சினால் அச்சாயம் பச்சையாக ஒளிர்கிறது. பச்சை தெரியும் இடமே ரோடாப்சின் இருக்கும் இடம்!

நலமான குச்சி செல்லில், அடுக்கிய காசுகள்போல் தட்டுகள் நிறைந்த வெளிப்பகுதியில்தான் பச்சை தெரியும். சில பரம்பரை விழித்திரை நோய்களில் செல்லின் உடற்பகுதியிலும் தெரிகிறது. புரதம் வழி தவறிவிட்டது என்று பொருள். செல்கள் மெல்லச் சாகின்றன. முதலில் இரவுப் பார்வை போகிறது, பின்னர் பக்கப் பார்வை. (வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு. கீரையும் கேரட்டும் தின்று இந்நோயைக் குணப்படுத்திவிட முடியாது.)

இத்தகைய நோய்களுள் ஒன்றில் ஒரு சிக்கல் உண்டு. அதில் ரோடாப்சினின் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் இருப்பதில்லை. அந்த வால்தான் புரதத்தை வெளிப்பகுதிக்குக் கொண்டுசேர்க்கும் முகவரி. முகவரி போனதால் புரதம் வழி தவறுகிறது. ஆனால் 1டி4 பற்றுவதும் அதே வாலைத்தானே! ஆகவே பழுதான புரதம் செல்லில் நிறைந்து கிடந்தாலும் 1டி4 அதைக் காட்டாது. பச்சை இல்லை என்பதற்காகப் புரதமே இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. சங்கிலியின் மறுமுனையைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருளையும் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஐயமும் எழலாம். காணும் பச்சையெல்லாம் ரோடாப்சின்தானா? அதற்கும் சோதனை உண்டு. ரோடாப்சின் ஜீனே இல்லாத சுண்டெலிகளை 1997-இல் உருவாக்கினர். அவற்றின் விழித்திரையிலும் பச்சை தெரிந்தால், எதிர்ப்பொருள் வேறு எதையோ பிடித்திருக்கிறது.