தொழிற்சாலைக்கும் மறுகால் வேண்டும்

நமது விருதுநகர் ஜில்லாவில், இ. குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கர் விஸ்தீரணமுள்ள நெசவுத் தொழிற்பூங்கா ஒன்றை நிறுவுவதற்கு 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மத்திய சர்க்காரும் தமிழ்நாட்டுச் சர்க்காரும் உடன்படிக்கை செய்துகொண்டன. வத்திராயிருப்பு, இராஜபாளையம் வாலிபர்கள் ஜீவனத்துக்கு வழி பிறக்குமென்று மகிழ்வது நியாயமே. ஆனால் அங்கே உண்டாகும் சாயநீர் எங்கே போகும் என்ற கேள்வியை இப்பொழுதே கேட்டாக வேண்டும்.

கேட்கத் தவறினால் வரும் விளைவுக்குத் திருப்பூரே சாட்சி. சாயச்சாலைகளின் உப்புநீர் நொய்யலைப் பாழாக்கிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாயிற்று. பிறருக்குத் தீங்கு நேராதபடியே ஒருவன் தன் சொத்தை அனுபவிக்கலாம் என்பது பழைய சட்ட நியாயம். குடியானவர்கள் அந்த நியாயத்தைக் கோரி வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். இன்று அதே ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டுச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்புகின்றன. முன்னமே செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், கூலியும் நின்றிராது.

டென்மார்க்கு தேசத்துக் கலுண்ட்போர்க் நகரத்தார் 1972 முதலாகவே இவ்வழியில் புகுந்தனர். மின்சார நிலையத்தின் நீராவி, எண்ணெய்ச் சுத்திகரிப்புச் சாலைக்கும் மருந்துச் சாலைக்கும் சென்றது. புகையைச் சுத்தம் செய்கையில் விளைந்த ஜிப்ஸம் சுவர்ப்பலகை செய்வோருக்கு மூலப்பொருளாயிற்று. சர்க்கார் கட்டளையினாலன்று, அண்டை வீட்டார் தம்முள் செய்துகொண்ட ஒப்பந்தங்களினாலேயே இது நடந்தது.

இது நமக்குப் புதிதன்று. மேற்கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்கு வரத்தாவது நம் குடியானவர் யாவரும் அறிந்ததே. நூலாலையில் சீவுகையில் கழியும் குறும்பஞ்சு, புண்ணுக்கு வைக்கும் வைத்தியப் பஞ்சாக மாறுகிறது. இந்த முறையையே பூங்கா முழுவதற்கும் விதியாக்கினால் என்ன?

ஆகையால் நாம் கோருவன மூன்று. கழிவைக் கொடுப்பவரும் கொள்பவரும் அண்டையில் அமையும்படி மனைகளைப் பங்கிடுக. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகே முதற் சாயத்தொட்டியில் நீர் வார்க்க அனுமதி தருக. ஒவ்வொரு மாதமும் மீட்ட நீரின் கணக்கைப் பொதுஜனங்கள் அறியப் பிரசுரம் செய்க.

ஆலை முதலாளிகளும் விவசாய சங்கத்தாரும் ஒன்றுகூடி இதைச் சர்க்காரிடம் வற்புறுத்துவார்களாக. சுவர் எழும்பிய பின் வாய்க்கால் வெட்டுவது கடினம்.