முதல் ஸ்கேனில் இரண்டு, அடுத்த ஸ்கேனில் ஒன்று

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேனில் இரட்டைக் கரு தெரிந்து, இரண்டு வாரத்தில் அது ஒன்றாகிவிட்டால், "எதைத் தூக்கினாய், மாடிப்படி ஏறினாயா?" என்று மருமகளைக் கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தப் பெண்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கணவன் மனைவியின் உயிரணுக்களைக் கொண்டே செய்யப்படும் சோதனைக்குழாய் முறைக்குத் தேவையின்போது அனுமதி உண்டென 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. அதில் இப்போது நாம் நுழையவில்லை.

ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைக்கும் அன்றே, மருத்துவக் கணக்கில் கர்ப்பம் 2 வாரம் 5 நாள். ஆகவே, கரு வைத்து ஐந்து வாரத்தில் மருத்துவர் '7 வாரம் 5 நாள்' என்று எழுதுவார். மாதக் கணக்கு இடிக்கிறதே என்று சந்தேகப்படுவது வீண். ஐந்தாம் வாரத்தில் கருப்பை தெரியும் ஸ்கேனில் கருவின் பை தெரியத் தொடங்கும். ஆறு, ஏழு வாரங்களில் இதயத் துடிப்பு தெரியும்.

இந்தக் கட்டத்திலிருந்து மூன்றாம் மாதத்துக்குள் இரண்டில் ஒன்று வளர்ச்சி நின்று, உடலாலேயே உறிஞ்சப்பட்டு மறைவதுண்டு. பெரும்பாலும் கருவின் குரோமோசோமில் ஏற்பட்ட கோளாறே காரணம். படி ஏறியதோ குனிந்து பெருக்கியதோ அல்ல. இயற்கையாகத் தரிக்கும் கர்ப்பத்திலும் இது நடக்கிறது; அங்கே இவ்வளவு சீக்கிரம் ஸ்கேன் எடுப்பதில்லை, யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். மற்றக் குழந்தை பெரும்பாலும் நலமாகவே வளரும். இரத்தப்போக்கு இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஜனாஸா உண்டா என்றும் கேட்கிறார்கள். உருவம் அமையாத நிலையில் மறைந்த கருவுக்குக் குளிப்பாட்டலோ தொழுகையோ இல்லை. ஆனால் அந்தத் தாய்க்குத் துக்கம் உண்டு. அதை "ஒன்று இருக்கிறதே" என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள்.

இரண்டும் நிலைத்தால், ஆணா பெண்ணா என்ற ஆவலை விட நஞ்சு ஒன்றா இரண்டா என்பதே முக்கியம். இரண்டு கரு வைத்து இரண்டும் தங்கினால் நஞ்சும் இரண்டு. வைத்தது ஒரே கரு என்றாலும் அது பிரிந்து இரட்டையாகலாம். அப்போது பெரும்பாலும் ஒரே நஞ்சைப் பகிரும். ஒரு குழந்தைக்கு இரத்தம் கூடி மற்றதற்குக் குறையும் அபாயம் அதில் இருப்பதால், 16-ஆம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. நஞ்சின் எண்ணிக்கை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். பிந்தினால் சொல்வது கடினம். அந்த ஸ்கேனுக்குக் கணவரும் உடன் சென்று, ரிப்போர்ட்டில் அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.