கருவாடு போட தெரியும்... விலை போட தெரியுமா? கடலோர பெண்களுக்கு கைகொடுக்கும் விற்பனை பயிற்சி

பொம்மையார்பாளையம்,

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில், புதுச்சேரியை ஒட்டி கிழக்கு கடற்கரை சாலையில் இருக்கிறது பொம்மையார்பாளையம். ஒரு பக்கம் கடல் அரிப்பால் படகு நிறுத்தும் கரை சுருங்கிக் கொண்டே போகிறது. இன்னொரு பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். வடக்கே மரக்காணம் உப்பளங்களிலோ மழை வந்தால் வேலை நின்றுவிடும்.

இப்படிப்பட்ட நாட்களில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் கருவாடு, ஊறுகாய், பனை ஓலை பொருள், தையல் என்று பெண்களின் கைத்தொழில்தான் துணை. பொருள் தரமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாபம் யார் கைக்கு போகிறது? அங்கேதான் சிக்கல். அதற்காக சொல்லித் தரப்படுவதுதான் விற்பனை பயிற்சி. இதுபற்றிய விவரம் வருமாறு:-

லாபமா... நஷ்டமா?

ஒரு பெண் 1,000 ரூபாய்க்கு மீன் வாங்கி கருவாடு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உப்புக்கு 50 ரூபாய், ஆட்டோவுக்கு 150 ரூபாய். காய்ந்த பிறகு 4 கிலோ கருவாடு கிடைக்கிறது. அப்படியென்றால் அசல் கிலோ 300 ரூபாய்.

வியாபாரி வந்து, "350 ரூபாய் போட்டுக்க அக்கா" என்கிறார். 4 கிலோவுக்கு 200 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக கொடுத்து விடுகிறார். ஆனால் 2 நாள் வெயிலில் காக்காய் விரட்டிய கூலி எங்கே? ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய் ஆகிறது. கணக்கு பார்த்தால் 400 ரூபாய் நஷ்டம்!

"நம்ம வேலைக்கு என்ன கூலி" என்று விட்டுவிடக் கூடாது. சொந்த உழைப்பையும் செலவில் சேர்த்து விலை வைக்க வேண்டும். பயிற்சியின் முதல் பாடமே இதுதான்.

பாக்கெட்டில் என்ன இருக்கணும்?

அடுத்தது பாக்கெட். பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம்-வருடம், புகார் சொல்ல போன் நம்பர் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பிடும் பொருள் என்றால் உணவு பாதுகாப்பு துறையின் 14 இலக்க பதிவு எண்ணும் வேண்டும். இவை இருந்தால்தான் பெரிய கடைக்காரர் பொருளை உள்ளே விடுவார்.

உப்பு விற்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். சாப்பாட்டு உப்பில் அயோடின் கலந்திருப்பது 2006-ம் ஆண்டு முதல் நாடு முழுவதும் கட்டாயம். உப்பளத்தில் அள்ளியதை அப்படியே கவரில் போட்டு சமையலுக்கு விற்றால் வம்பு வரும்.

பெயர் வைத்து விற்றால் மதிப்பு கூடும். தமிழ்நாடு உப்பு கழகமே 2022-ல் "நெய்தல்" என்ற பெயரில் உப்பை சந்தைக்கு கொண்டு வந்தது. சுய உதவிக்குழு பொருட்களுக்கு "மதி" என்ற பெயர் இருக்கிறது.

இதே கரையில் ஒரு பொம்மை

கதை சொல்லவும் தெரிய வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு பிறகு ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம், இந்த பகுதி மீனவ பெண்களுக்கு துண்டு துணியில் பொம்மை செய்ய பயிற்சி கொடுத்தது. அதற்கு "சுனாமிகா" என்று பெயர். பொம்மைக்கு விலையே கிடையாது. அன்பளிப்பாக கொடுப்பார்கள், நன்கொடை வரும். விரல் அளவு துணி பொம்மை பல நாடுகளுக்கு போனது. காரணம், செய்தவர்கள் யார் என்ற கதையும் கூடவே போனதுதான்.

விவசாயிகளுக்கும் வழி இருக்கிறது. 1999 நவம்பர் 14-ந்தேதி மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை திட்டத்தில் தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது. அடையாள அட்டை உள்ள விவசாயி நேரடியாக விற்கலாம்.

எங்கே படிக்கலாம்?

மாவட்டம்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம் உண்டு. விழுப்புரத்தில் இதை இந்தியன் வங்கி நடத்துகிறது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். முடித்த பிறகும் வங்கி கடன் வாங்குவது, தொழில் நடத்துவது பற்றி வழிகாட்டுவார்கள்.

சுய உதவிக்குழுவில் இருப்பவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலோ, கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேட்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக் நகல், போட்டோ கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பயிற்சி சான்றிதழை பிரேம் போட்டு மாட்டினால் பணம் வராது. குழு கடன் வாங்கி பொருளை செய்துவிட்டு, விற்க இடம் தேடி அலைந்தால் வட்டிதான் ஏறும். முதலில் யார் வாங்குவார் என்று பார்த்துவிட்டு, அதற்கு பிறகு கடன் வாங்குவதே புத்திசாலித்தனம்.